இத்தாவிலிருந்த உம்மாவும் கச்சேரிக் கடிதமும்

சகோதரிகளே, கேட்டதைவிட அழகாகக் கொடுக்கும் அல்லாஹ்வைப் புகழ்ந்து இதை எழுதுகிறேன்.

வாப்பா மவுத்தாகி நாற்பதாம் நாள், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. விதவைப் பென்சனுக்கு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தில் மரணத் திகதி ஒன்று, மரணச் சான்றிதழில் இன்னொன்று. இரண்டு வாரத்துக்குள் மனைவி நேரில் வந்து விளக்கம் சொல்லிக் கையொப்பமிட வேண்டும். தவறினால் விண்ணப்பம் தள்ளப்படும்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான்.

வாப்பா இராணுவத்தில் இருந்தவர். நான் பிறக்கும் முன்பே லொறி புரண்டு வலது காலை இழந்தார். கிடைத்த கொடுப்பனவு அரிசிக்கே போதவில்லை. ஊனமுற்ற படைவீரருக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் உதவியை உயர்த்தச் சட்டம் வருகிறது என்று றேடியோவில் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்திரிகையை வாப்பாவுக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டுவேன். சட்டம் நிறைவேறியது. பதினைந்தாம் நாள் வாப்பா போய்விட்டார்.

வியாழக்கிழமை மஹ்ரிபுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. பொழுது பட்டால் நமக்கு அடுத்த நாள் அல்லவா? வெள்ளி இரவு மவுத்தானார் என்றே வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சான்றிதழைப் பார்க்காமல் வெள்ளிக்கிழமைத் திகதியை எழுதிவிட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

சின்ன மாமா சும்மா விடவில்லை. "பார்லிமெண்டுக்கே சட்டம் சொல்லிக் குடுக்கிற புள்ளைக்கு ஒரு திகதி எழுதத் தெரியல்ல" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

உம்மா இத்தாவில் இருந்தார்; கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வராமல், வாசல் தாண்டாமல் இருக்கும் காலம் அது. நாலு மாதமும் பத்து நாளும் முடிய இன்னும் எவ்வளவோ கிடந்தது. தேவைக்காகப் போய் வரலாம் என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன்.

"போகலாந்தான் மகள். என்ட மனசு ஒப்புதில்ல. ஒங்கட வாப்பாவுக்கு நான் இனிச் செய்ய இது ஒண்ணுதான் இரிக்கி" என்றார் உம்மா.

என் பிழைக்காக உம்மா தன் இத்தாவை முறிப்பதா? முறிக்காவிட்டால் அடுப்பு எப்படி எரியும்? இரண்டு தம்பிமாரும் பள்ளிக்கூடம் போகிற வயது.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு தொழுகைப் பாயிலேயே இருந்தேன். உம்மாவின் மனதை மாற்று என்றுதான் முதலில் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே வெட்கமாகிவிட்டது. "யா அல்லாஹ், பிழை என்னுடையது. உம்மாவை வாசல் தாண்ட வைக்காமல் நீயே ஒரு வழி காட்டு" என்று அழுதேன். மஹ்ரிபு பாங்கு சொல்லும்போது நெஞ்சு லேசாக இருந்தது.

திங்கட்கிழமை சின்ன மாமாவுடன் கல்முனையிலிருந்து அம்பாறைக் கச்சேரிக்கு பஸ் ஏறினேன். அதிகாரி சிங்களவர். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நான் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு மனிதன் எப்படி இரண்டு நாளில் சாவான் என்று கேட்டார்.

அடுத்த மேசையிலிருந்து ஒரு கிளார்க் அம்மா எழுந்து வந்தார். நெற்றியில் பொட்டு. இந்த ஆட்களுக்குப் பொழுது பட்டால் நாள் மாறும், எங்கள் அயலிலுள்ள முஸ்லிம்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சிங்களத்தில் அவருக்கு விளக்கினார். இத்தாவைப் பற்றியும் சொன்னார். அதிகாரி யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நானும் கல்முனைதான் பிள்ளை. உங்கட அம்மா வெளிக்கிட வேணாம். சனிக்கிழமை நான் வந்து கையெழுத்து வாங்கிறன்."

சொன்னபடியே வந்தார். பெண்ணுக்கு முன்னால் பெண், உம்மாவுக்கு எந்தத் தடையும் இல்லை. சரியான திகதியை எழுதி உம்மா கையொப்பமிட்டார். அதோடு விட்டாரா? சோறு தின்னாமல் போக விடமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். வாப்பா மவுத்தான பிறகு உம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

உம்மாவின் இத்தா முழுமையாக முடிந்தது. அடுத்த மாதம், உயர்த்திய தொகையோடு பென்சன் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். தம்பிமார் படிக்கிறார்கள். எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுதுவதென்றாலும் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். பிஸ்மி சொல்லி, சான்றிதழை இரண்டு தரம் வாசித்த பிறகே பேனையைத் திறக்கிறேன்.

சகோதரிகளே, உம்மாவைக் கச்சேரிக்கு அனுப்பத்தான் நான் துஆவைத் தொடங்கினேன். அவனோ கச்சேரியையே உம்மாவிடம் அனுப்பினான். உங்களுக்கு ஒரு நெருக்கடி வந்தால் இது இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தேவையைச் சொல்லி அழுங்கள். வழி அவனுக்குத் தெரியும்.