டாக்டர் செலின் எனக்காகச் சொன்ன பொய்

செலின் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு கண்புரை அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே, கை கழுவும் இடத்தில் எனக்கு வந்தது. நர்ஸ் கிரேஸ் அழுதுகொண்டே சொன்னார்: "சார், செலின் மேடம் போயிட்டாங்க. லிங்கராஜபுரம் வீட்டுலயே ஹார்ட் அட்டாக்காம்." அவரை அறிந்த நீங்கள் அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்களோ தெரியாது. எனக்கு முதலில் தோன்றியது, 'இனி அவருடைய நோயாளிகள் என்னிடம்தான் வரவேண்டும்' என்பது. இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு மனமில்லை. ஒரே மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தோம். பதினெட்டு ஆண்டுகளும் எனக்கு அவர்மேல் பொறாமை.

நான் அவரைவிட ஆறு ஆண்டு மூத்தவன். அப்படியிருந்தும், கார்னியா திரும்பத் திரும்ப உரிகிற நோய் என்றால் பெங்களூரில் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். கருவிழிக்கு மேலிருக்கும் கண்ணாடி போன்ற படலம்தான் கார்னியா. அதில் எப்போதோ ஒரு நகமோ காகித விளிம்போ கீறியிருக்கும். காயம் ஆறிவிடும், ஆனால் மேல்தோல் அடியில் சரியாக ஒட்டியிருக்காது. தூங்கி எழுந்து கண்ணைத் திறக்கும்போது இமை அதைப் பிய்த்துக்கொண்டு வரும். மத்தியானத்துக்குள் அந்தக் காயம் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒருவர், கைக்குழந்தையின் நகம் கண்ணில் பட்டவர், ஆறு முறை என்னிடம் மாலை நேரத்தில் வந்தார். ஆறு முறையும் கண் சுத்தமாக இருந்தது. கண் உலர்வு என்று எழுதிச் சொட்டு மருந்து கொடுத்தேன். ஏழாம் முறை அவர் செலினிடம் போய்விட்டார். "காலைல எழுந்ததும் முகம் கழுவாதீங்க, மருந்து போடாதீங்க. கண்ணை மூடிக்கிட்டே ஆட்டோ புடிச்சு வாங்க. நான் ஆறரைக்கே இருப்பேன்" என்றாராம் செலின். அடுத்த முறை வலி வந்த காலையிலேயே நோயைப் பிடித்துவிட்டார். "நீங்க சாயங்காலம் பார்க்கறீங்க சார். அந்தக் கண்ணுக்கு நோய் காலைல" என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அந்த மனிதர் குணமாகி, மைசூர்பாகு டப்பாவோடு என் அறை வாசலைத் தாண்டி அவர் அறைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கை அப்படிப்பட்ட கை. நுனி வளைத்த ஊசியால், உரிந்த இடத்தில் மேலோட்டமாகப் பல புள்ளிகள் குத்துவார். அந்தச் சிறு தழும்புகள் மேல்தோலைப் பிடித்துக்கொள்ளும். பார்வைக்கு நேரான நடுப்பகுதியில் மட்டும் ஊசி வைக்க மாட்டார். "நடுவுல குத்தினா வலி போயிடும் சார், தழும்பு பார்வைல நிக்கும்" என்பார். அங்கே தளர்ந்த தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, வைரத்தூள் பதித்த சிறு கருவியால் அடியை மெருகேற்றுவார்.

பிறகு என் மனைவி வசந்தியின் முறை வந்தது. தொட்டிச் செடியின் குச்சி அவள் கண்ணில் பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்காக நான் சீக்கிரம் போன ஒருநாள் காலை ஏழு மணிக்கு, செலின் அறையில், கைக்குட்டையால் கண்ணைப் பொத்தியபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நாலு மாசமா சொல்லிட்டுதான் இருக்கேன். நீங்க வாக்கிங் போயிட்டு வந்து, குளிச்சு, டிபன் சாப்பிட்டு, அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்து ஒண்ணுமில்லன்னீங்க."

ஒரே கட்டிலில் படுத்தெழும் கண் மருத்துவன் நான். எனக்கு அது தெரியவில்லை.

செலின் ஊசியைத் தயாராக வைத்திருந்தார். "நான் செய்யட்டுமா சார்?" என்றார். "என் மனைவிக்கு நானே செய்வேன்" என்றேன். சொந்தக்காரர்களுக்குக் கத்தி வைக்கக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். அன்று அப்படிப் பேசியது என் பொறாமை. "ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க சார், காஞ்ச பஞ்சால ஓரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு..." என்று அவர் தொடங்கியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரிந்த காயத்தில் மட்டும் குத்தினேன்.

மூன்று வாரத்தில் மறுபடி உரிந்தது. இம்முறை செலின் உலர்ந்த பஞ்சு முனையால் மெல்லத் தொட்டார். நான் குத்திய எல்லைக்கு வெளியே, தோல் விரல் பட்ட பாலாடை போலச் சுருங்கி நகர்ந்தது. நான் தொட்டுப் பார்க்காமல் விட்ட இடம் அது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "ஏன் திரும்ப வந்துச்சு?" என்று வசந்தி கேட்டாள். "இது ரெண்டு தடவை செய்ய வேண்டிய கேஸ்தான் அக்கா. சார் கரெக்டாத்தான் செஞ்சிருக்காரு" என்றார் செலின். தெரிந்தே சொன்ன பொய். அவர் செய்தபின் வசந்திக்கு அந்த வலி வரவே இல்லை. நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. திறமைதான் அவரிடம் என்றால் பெருந்தன்மையும் அவரிடமே இருக்க வேண்டுமா என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அவருடைய காலை ஆறரை மணியை இப்போது நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பஞ்சால் ஓரம்வரை தொட்டுப் பார்த்த பிறகே ஊசியை எடுக்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இவை இரண்டும்தான். வருகிறவர்கள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே, "மேடம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். என் பொறாமை இன்னும் போகவில்லை.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் வசந்திக்குப் படித்துக் காட்டினேன். என் கைத்தவறு அவளுக்கு இன்றுதான் தெரியும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி" என்றாள். "அவங்க இருந்தப்போ அவங்ககிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமே. பத்தடி நடந்திருந்தா போதுமே."