கோபுரத்தில் ஒரு ஆள் மிச்சம்

பேராலயத்தின் மணிக்கோபுரத்தில் யார் ஏறினாலும் அடிவாசலில் காவலிருக்கும் கோபுரத்தக்காவைத் தாண்டித்தான் ஏற வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகர வில்லையைக் கொடுப்பாள். இறங்கியதும் வாங்கி ஆணியில் மாட்டுவாள். எல்லா ஆணியும் நிறைந்தால்தான் கதவைப் பூட்டி, மணியடிக்கும் கோயில்பிள்ளைக்குக் கை காட்டுவாள். மேலே ஆள் நிற்கும்போது அந்த ராட்சத மணி ஆடினால் காது போகும், கிட்டே நின்றால் உயிரே போகும். இந்த விஷயத்தில் அவள் பெற்ற அப்பனையும் நம்பாதவள்.

அன்றைக்கு நம்பித் தொலைத்தாள். இறங்குகிற கூட்டத்தில் ஒருவர் இரண்டு வில்லைகளை நீட்டினார். "என் மனைவியோடதும் இதுல இருக்கு." வாங்கி மாட்டினாள், பூட்டினாள், பீடத்தருகே நின்ற கோயில்பிள்ளைக்குக் கை காட்டினாள். அவர் மணியின் சுவிட்ச் இருக்கும் பின்னறைக்குள் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் வாசலில் தனியாக நின்று தண்ணீர் குடிக்கிறார்.

"உங்க வீட்டம்மா எங்க சார்?"

"மேலதான். கொஞ்சம் இருந்துட்டு வரேன்னா."

அக்கா பின்னறைப் பக்கம் ஓடத் திரும்பினாள். "அட பாவி மனுஷா!"

உள்ளே திருப்பூசை நடந்துகொண்டிருந்தது. ஆர்கன் முழக்கத்தில் அவள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? தலைக்கு மேலே மணியை ஆட்டும் மோட்டார் உறுமத் தொடங்கிவிட்டது. பாய்ந்துபோய்க் கதவோரத்து மெயின் சுவிட்சை இழுத்தாள். விளக்குகள் அணைந்தன, ஆர்கன் பாதியில் இழுத்துக்கொண்டு செத்தது, சபையே திரும்பிப் பார்த்தது.

ஆனால் ஆடத் தொடங்கிய மணி சுவிட்சுக்குக் கட்டுப்படுமா? அவள் கோபுரக் கதவைத் திறந்து படியேறும்போதே ஒருமுறை அடித்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை. "தாயே, தாயே" என்றபடி ஏறினாள்.

மூலையில் அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா! நான் பேசுறது கேக்குதா?"

அவள் காதிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். பிறகு, "கேக்குதுக்கா."

அக்கா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

கீழே படியில் கணவரின் குரல் ஏறி வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல? என்னைக்காவது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கியா நீ?"

அந்தப் பெண் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள். "எனக்குக் காது போச்சுன்னு சொல்லிடுங்கக்கா. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

"நல்லா இருக்கே! என் வேலை போயிடும்மா."

அசையாமல் நின்ற மணியை அக்கா ஒருமுறை பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் படியில் தலையை நீட்டினாள்.

"சார், மேல வராதீங்க! மணி இன்னும் ஆடிட்டே இருக்கு!"