ஹெர் நோவாக்கின் கெல்லரும் நூர் வீட்டு டிவி கேமும்

எங்கள் கட்டடத்தில் மாடிப்படி விளக்கு மூன்று நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. காய்கறிப் பையோடு ஏறுகிற என்னைப் போன்றவள் மூன்றாவது மாடியை எட்டும்போது இருட்டாகிவிடும். சுவரைத் தடவிப் பொத்தானைத் தேடி அழுத்திவிட்டு மறுபடி ஏற வேண்டும். அந்த இருட்டில்தான் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரைச் சந்திப்பேன். 'ஹலோ' என்பார்கள், நானும் 'ஹலோ' என்பேன். விளக்கு எரிந்து பார்க்கும்போது அவர்கள் கதவு சாத்தியிருக்கும். ஜெர்மனியில் ஹாகன் என்கிற இந்த ஊருக்கு வந்து ஆறு வருடமாகிறது. எதிர்வீட்டுக் கூடத்தில் நாற்காலி எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். என்னைப் போல வெளியே வந்தவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை என் மகள் ரினி பள்ளி விட்டு வீட்டுக்கு வரவில்லை. பதிமூன்று வயது. ஒன்றரைக்கு வந்து எனக்கொரு செய்தி அனுப்பிவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிடுவாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை முடித்து நான் மூன்று மணிக்கு வருவேன். அன்று செய்தியும் இல்லை, சோறும் வைத்தது வைத்தபடி இருந்தது. போன் செய்தால் தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெண்குரல் பணிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. தோழிகள் இரண்டு பேரிடம் விசாரித்தேன். பள்ளியில் கேட்டேன்; ஒரு மணிக்கே கிளம்பிவிட்டாள் என்றார்கள். பேருந்து நிறுத்தம் வரை ஓடினேன். ஆற்றுப் பாலம் வரை ஓடினேன். பாலத்தின் மேல் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். எதைத் தேடி அப்படிப் பார்த்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாலரை மணிக்கு வேலையிலிருந்த என் கணவர் சேவியரிடம் போனில் சொன்னேன்: "என்னங்க, போலீஸுக்குச் சொல்லிடலாங்க." எப்போதிலிருந்து காணோம் என்று கேட்டார். பிறகு, "சொல்லிடு, நான் கெளம்பிட்டேன்," என்றார்.

ஓர் இளைஞரும் ஒரு பெண்ணுமாக இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அந்தப் பெண் முதலில் கேட்டது, கட்டடத்துக்குள் தேடினீர்களா, கெல்லரில் பார்த்தீர்களா என்பதுதான். கெல்லர் என்பது கட்டடத்துக்கு அடியிலிருக்கும் நிலவறை. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அங்கே ஓர் அறை உண்டு. பழைய சைக்கிளும் உருளைக்கிழங்கும் கிடக்கிற இடத்தில் என் பிள்ளைக்கு என்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் இறங்கினார்கள், பின்னாலேயே நானும் இறங்கினேன். கடைசி அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, உலோகக் கொசு ஒன்று வரிசையாகத் துப்புவதுபோல ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று மூளைக்கு எட்டுவதற்கு முன்பே என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேலே ரினியின் சிரிப்பு.

கதவைத் திறந்தால் ஆளுயர வீடியோ கேம் பெட்டி. அதன் குச்சியைப் பிடித்தபடி ரினி. பக்கத்தில் முக்காலியில், கையில் ஸ்க்ரூடிரைவரோடு, தரைத்தள வீட்டு நோவாக், இங்கே மரியாதையாகச் சொன்னால் ஹெர் நோவாக். எழுபது வயதுக்கு மேலிருக்கும். மனைவி இல்லை, தனியாக இருப்பவர். அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்ட நான் அந்த மனிதரைக் கண்டுகொள்ளவில்லை. நிலவறை, சாத்திய கதவு, வயதான ஆண், என் பெண் பிள்ளை. இவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. ரினியை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, போலீஸ் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: என் பிள்ளையை இந்த ஆள் பூட்டி வைத்திருந்தார், என்ன செய்தார் என்று கேளுங்கள். கதவு பூட்டியிருக்கவில்லை. சத்தம் யாருக்கும் தொந்தரவாகக் கூடாதென்று சாத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர்கள் கேட்டார்கள். ரினியிடம் தனியாகப் பத்து நிமிடம், அவரிடம் மாடிப்படியில் நிற்க வைத்து அரைமணி நேரம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஆறு வருடத்தில் எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் திறந்து அன்றுதான் பார்த்தேன். நடந்தது இதுதான். ஒரு சர்க்யூட் போர்டைத் தூக்கிக்கொண்டு அவர் கெல்லருக்கு இறங்கும்போது, பள்ளியிலிருந்து வந்த ரினி அது என்ன என்று கேட்டிருக்கிறாள். மதுக்கடைகளில் இருந்த கேம் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழிலாக இருந்தது. கடைகள் மூடிய பிறகு மிஞ்சிய ஒரு பெட்டியைக் கீழே வைத்திருக்கிறார். எங்கள் அம்மா சின்ன வயதில் இதில் பெரிய ஆள் என்று இவள் பெருமையடித்திருக்கிறாள். சரி, நீ ஆடிக் காட்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். கெல்லரில் போனுக்கு சிக்னல் இல்லை. நேரம் போனது தெரியவில்லை.

அன்று மாலை ரினி சொன்னாள்: "அவர்கிட்ட என்னென்ன கேட்டாங்கன்னு எனக்குப் புரிஞ்சுதும்மா. உனக்குத்தான் புரியல." அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

பெரிய ஆள் என்று அவளிடம் அளந்துவிட்டது நான்தான். முழுப் பொய்யும் இல்லை. திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெருவில் நூர்ஜஹான் வீட்டில் டிவி கேம் இருந்தது. அவளுடைய அத்தா துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் கடை உண்டு. அப்பாவோடு போகும்போது வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். பையன்களின் முதுகுதான் தெரியும். பெண்கள் வரக்கூடாதென்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எந்தப் பெண்ணும் போனதில்லை. அதனால் எங்களுக்கு நூர் வீட்டுக் கூடம்தான். கேசட்டை வாயால் ஊதி, பாவாடையில் துடைத்து, மறுபடி ஊதிச் செருகுவோம். அப்பாவுக்கு வேளாண்மை டிப்போவில் வேலை என்பதால் நெற்பயிரைத் தின்னும் பூச்சிகளின் பெயரெல்லாம் எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்ந்து புழங்கும். ஆகவே திரையின் மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் எதிரிகளுக்கு நாங்கள் வைத்த பெயர் புகையான். நெளிந்து வருவது இலைச்சுருட்டுப் புழு. கடைசியில் வரும் பெரியது தண்டுத் துளைப்பான். கீழே ஓடுகிற எங்கள் குட்டிக் கப்பல் மருந்தடிக்கும் ஆள்.

"அமலா, எடப்பக்கம் புகையான் எறங்குது பாரு."

"நீ ஒன் வயலப் பாருடி. என் வயல நான் பாத்துக்கறேன்."

உள்ளேயிருந்து நூரின் அம்மா சொல்வார்: "ரெண்டு பேரும் இப்படி மருந்தடிச்சா நெல்லுல வெஷம்தாண்டி வெளையும்."

கோடையில் பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விட்டதும் ஊரே மோட்டார் போடும். எங்கள் டிவி படம் இரண்டு ஓரமும் சுருங்கி, வயல் பாதியாகிவிடும். அடாப்டர் கொதிக்கும். நூரின் அம்மா அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "காச்ச அடிக்குது, அணைங்கடி," என்பார். நான் எங்கே இருக்கிறேன் என்று என் அம்மா தேடியதே இல்லை. வாசலுக்கு வந்து காது கொடுத்தால் போதும், அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

ஒரே ஒரு நாள் அம்மா தேடி வந்தார். மாதா கோயிலில் முதல் நற்கருணைக்கான புதுநன்மை வகுப்புக்குப் போகாமல் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பங்குச் சாமியார் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அந்த அவமானத்தோடு வந்த அம்மா, வாசலில் நின்றபடியே, "ஒங்க வீட்டுல பொம்பளைப் புள்ளைய இப்படித்தான் வளப்பீங்களா?" என்று தெரு கேட்கக் கேட்டார். நூரின் அம்மா உள்ளே போய் டிவியை அணைத்தார். மறுநாள் என் தலையை இழுத்துப் பின்னிவிட்டு, அம்மா ஒரு தூக்குவாளியில் பணியாரம் வைத்து, "என்ன, நூரு வீட்டுக்குப் போவலயா?" என்றார். அவ்வளவுதான். நான் போனேன். நூரின் அம்மா வாளியை வாங்கிக்கொண்டு, "வாடி, டிவி போட்டாச்சு," என்றார். எங்கள் பக்கத்தில் மன்னிப்பு என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. பிள்ளையை அனுப்புவார்கள். உன் வீட்டை நம்பி என் பிள்ளையை விடுகிறேன் என்பதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்?

அதையே நானும் செய்தேன். நான்காம் நாள் பணியாரம் சுட்டு, டப்பாவில் அடுக்கி, "ரினி, இத நோவாக் தாத்தாகிட்ட குடுத்துட்டு வாம்மா," என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் தனியாப் போனா அவர் தெறக்க மாட்டார். தெறக்கவும் முடியாது. உனக்கு இது புரியவே புரியாதாம்மா?" என்றாள். ஆனாலும் போனாள். இரண்டே நிமிடத்தில் டப்பா திறக்கப்படாமல் திரும்பி வந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு. நன்றி, குழந்தை தனியாக வர வேண்டாம், இன்னொரு முறை என்னால் முடியாது என்று எழுதியிருந்தது. படித்துக் காட்டிவிட்டு ரினி சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

நூர் இப்போது நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் சிரித்தாள். "ஒங்கம்மா எங்கம்மாவக் கேட்டதைத்தானடி நீயும் கேட்டிருக்க. ஒங்கம்மாவாவது போலீஸக் கூட்டிட்டு வரல."

"அதான் மறுநாளே பணியாரம் அனுப்பிச்சாங்களே, நூரு. நானும் அனுப்பிச்சேன். இங்க அது செல்லுபடி ஆவலடி."

அவள் சிரிப்பு நின்றது. "அங்க மட்டும் ஆச்சுன்னா நெனைக்கிற? எங்கம்மா அந்தப் பணியாரத்துல ஒண்ணுகூட வாயில வெக்கல. ரெண்டு நாள் சோறு திங்கல. ஒங்கம்மா வருவாங்க வருவாங்கன்னு சாயங்காலமானா வாசல்ல வந்து நிக்கும். நீதான் தெனமும் வந்த. புள்ளையப் பாத்து மூஞ்சியக் காட்டவா முடியும்? வாடின்னு சொல்லிச்சு."

இத்தனை வருடமாக நான் ஊரின் பெருந்தன்மை என்று நினைத்து வைத்திருந்தது, வாசலில் நின்ற ஒரு பெண்ணின் காத்திருப்பு. போனை வைத்தேன். ஒரு ஜெர்மன் வாக்கியத்தை எழுதி, அன்று முழுக்க மனப்பாடம் செய்தேன்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வெறுங்கையோடு இறங்கிப் போய் அவர் கதவு மணியை அடித்தேன். திறந்தார். "இஷ் ஹாபே ஈனன் உன்ரெஷ்ட் கெட்டான்," என்றேன். உங்களுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன். நம் ஊரில் என்றால், அட, அதெல்லாம் எதுக்குங்க, விடுங்க என்று பாதியிலேயே தடுத்திருப்பார்கள். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "யா," என்றார். ஆமாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த ஒற்றைச் சொல்லில் நான் நின்ற இடத்திலேயே குறுகிப்போனேன். எப்படியாவது சரிசெய்துவிட வேண்டுமென்ற பதற்றத்தில், மகள் எப்போது வேண்டுமானாலும் உங்களிடம் தனியாக வரலாம், எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். பெரிய மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் இரண்டு கையையும் உயர்த்தி ஓரடி பின்னால் போனார். "நைன். நிஷ்ட் அலைன்." இல்லை, தனியாக வேண்டாம். முடிந்தது என்று திரும்பினேன்.

மாடிப்படி வளைவில் ரினி நின்றிருந்தாள். எப்போதிருந்து என்று தெரியாது. "அம்மா, அவர் வரவேண்டாம்னு சொல்லல. தனியா வேண்டாம்னு சொல்றார்," என்றாள். பிறகு அவரிடம் வேகமாக ஏதோ கேட்டாள். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னடி சொல்றார்?" "பெரிய ஆளுன்னு சொன்னியே, அம்மா ஆடுறத எப்பக் காட்டப்போறன்னு கேக்கறார்."

கெல்லர் கதவை அகலத் திறந்து, மூடாமலிருக்க ஒரு செங்கல்லை வைத்தார். சத்தம் மேலே போகட்டும் என்றார். பெட்டி சூடேறும் வரை அவர் பேசியதை ரினி எனக்குச் சொன்னாள். முன்பு இங்கேயும் இத்தகைய பெட்டிகள் உள்ள கூடங்களுக்குள் பதினெட்டு வயதாகாத பிள்ளைகள் போக முடியாதாம். அப்பா பழுதுபார்க்கும் பெட்டியில் ஒருமுறைகூட ஆடாமல் அவருடைய மகள் வாசலிலேயே நின்று வளர்ந்தாளாம். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள், அவளுக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை.

முதல் ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட நான் தாக்குப்பிடிக்கவில்லை. "இதான் பெரிய ஆளா?" என்றாள் ரினி. "இருடி, கை பழகட்டும்." நான்காவது ஆட்டத்தில் விரல்கள் தாமாகவே பேசத் தொடங்கின. என்னை அறியாமல், "எடப்பக்கம் புகையான்," என்று கத்தினேன். புகையான் என்றால் என்ன என்று ரினி கேட்டாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னேன். அவள் மொழிபெயர்த்தாள். ஹெர் நோவாக் "புக்கையான், புக்கையான்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேலே யாரோ மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

திரையில் வந்த புள்ளிப் பட்டியலில் எனக்குப் பத்தாவது இடம் கிடைத்தது. பெட்டியை அணைத்தால் எல்லாப் பெயரும் அழிந்துவிடும், பழைய பெட்டிகளுக்கு ஞாபகம் கிடையாது என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். புள்ளி, பெயர், ஊர் என்று கோடு போட்ட கட்டங்கள். கடைசி வரியில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியிட்டு 'ரினி' என்று இருந்தது. அதற்கு நேரே, ஊர்க் கட்டத்துக்குள் ஐந்தே ஆங்கில எழுத்தில், ஹாகன். அன்று நடந்ததற்குப் பிறகும் அவர் அதை அடிக்கவில்லை.

"வோஹேர்?" என்று என்னைக் கேட்டார். எந்த ஊர். ஆறு வருடமாக ஆயிரம் படிவங்களில் ஹாகன் என்றே எழுதியிருக்கிறேன். வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. அவர் பேனாவை ரினியிடம் கொடுத்தார். திருக்காட்டுப்பள்ளி என்பதை அவள் ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாக என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். 'காட்டு' முடிவதற்குள் கட்டம் முடிந்துவிட்டது. அவள் யோசித்தாள். நோட்டைப் பக்கவாட்டில் திருப்பி, கோட்டைத் தாண்டி ஓரத்து வெற்றிடத்தில் மேல்நோக்கி எழுதத் தொடங்கினாள். மீதி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அவளுடைய ஹாகனுக்குப் பக்கத்தில் போய் நின்றன.