கிராமசபையில் நான் எழுந்த நாள்

அக்கா எனக்குச் சொந்தமில்லை, பக்கத்துத் தெரு. அஞ்சல் வழியில் இருவரும் அரசியல் எம்.ஏ. படித்தபோதுதான் நெருங்கினோம். சனிக்கிழமைகளில் உத்தமபாளையம் நூலகத்தில் உட்கார்ந்து, அரசியல் நிர்ணய சபை விவாதங்களையும், ஆள்பவர் அதிகாரம் எதுவரை போகலாம் என்று அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் எழுதியவற்றையும் மாறி மாறி வாசிப்போம். எனக்கு அது பரீட்சைப் பாடம். அக்காவுக்கு அப்படியில்லை.

"கெட்டவுக வந்துருவாகன்னு மட்டும் இவுக பயப்படலத்தா. நல்லவுகளையும் நம்பாமத்தான் எழுதிருக்காக" என்று ஒருநாள் வியந்தார்.

பிறகு எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அக்கா நின்றார். வீடு வீடாக நானும் ஓட்டுக் கேட்டேன். ஜெயித்து, நல்ல தலைவராகவே இருந்தார். மேட்டுத்தெருவுக்குக் குழாய் வந்தது, தெருவிளக்குகள் எரிந்தன.

ஒரு கிராமசபையில், திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஒருவர் மைக்கை வாங்கினார். "தண்ணித் தொட்டி எங்க தெருவுலன்னுதான சொன்னீக? ஏன் வேற தெருவுக்கு மாத்துனீக?"

அக்கா முகம் சுருங்கியது. "எல்லாம் விசாரிச்சுத்தான் செஞ்சிருக்கு. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. அக்கா கையைக் காட்ட, ஊராட்சி ஊழியர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "அக்கா, அவரு பேசட்டும். கேக்கத்தான இந்தச் சபை?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மைக் மறுபடி அவர் கைக்குப் போனது. அந்தத் தெருவில் தோண்டினால் பாறை என்று அக்கா பதில் சொன்னார். அவ்வளவுதான் விஷயம். அவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார், முகம் பார்க்கவில்லை.

"ஊருக்கு முன்னால என்னையச் சர்வாதிகாரி ஆக்கிட்டியே ஆத்தா. நான் எனக்கா எதுவும் சேத்தேன்?"

"இல்லக்கா. நீங்க நல்லவுகதான்."

"அப்பறம்? வீட்டுல வந்து சொல்லிருக்கலாம்ல?"

சபையில் மறுத்ததைச் சபையில்தானே கேட்க முடியும்? வாய்வரை வந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பதவிக்காலம் முடிந்து, அக்கா மகனோடு அல்லிநகரம் போய்விட்டார். நான் கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். அன்று எழுந்தது சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதிகாரத்துக்கு எல்லை போட்டுப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் ஒருவர்கூட, எல்லையைச் சொன்னவளும் கேட்டவளும் மறுநாள் எப்படிப் பழையபடி பேசிக்கொள்வது என்று எழுதி வைக்கவில்லை.

போன தீபாவளிக்குப் போன் செய்தேன். பேத்தி, மழை, முழங்கால் வலி என்று பேச்சு போனது.

"இப்ப என்னக்கா படிக்கிறீக?"

"கண்ணு முடியலத்தா" என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.