மோரியோ கேட்காத நிறம்

கேட்டதைக் கேட்டவுடனே எடுத்துக் கொடுத்தவன் மேலேயே ஒருவருக்குப் பொறாமை வருமா? வாள் செய்யும் கொல்லர் மோரியோவின் மனைவி ஃபுசாயே என்னிடம் இப்படிக் கேட்டாள். ஒரே வரியில் பதில் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

மோரியோவும் தொகுஜியும் ஒரே ஆசானிடம் தொழில் கற்றவர்கள். மோரியோ முன்னால் சேர்ந்தவர் என்பதால் தொகுஜிக்கு அவர் இன்றைக்கும் அண்ணன்தான். ஆனால் வாள் செய்யும் போட்டியில் பரிசு வாங்குவது எப்போதும் தம்பி. மோரியோ எல்லோரோடும் சேர்ந்து கைதட்டுவார். வீட்டுக்கு வந்து ஊறுகாய் முள்ளங்கியைக் கடக்கடக்கென்று கடிப்பார்.

"அவனுக்கு வர்ற எஃகு அப்படி. எனக்கும் வந்தா நானுந்தான் காட்டுவேன்."

"எல்லாம் எஃகு உருக்குற ஒரே உலையில இருந்துதானே வருது?" என்பாள் ஃபுசாயே. பட்டறையில் அவருக்கு எதிரே நின்று பெரிய சுத்தியல் அடிப்பவள் அவள்தான்.

மலையடிக் கோயிலைப் புதுப்பித்தபோது, சந்நிதியில் வைக்க வாள் வேண்டும் என்று பூசாரி இருவரையும் ஆளுக்கொன்று செய்யச் சொன்னார். ஒன்றுதான் உள்ளே போகும். இனி ஒரு தலைமுறைக்கு அங்கே வேறு வாள் போகாது. மோரியோவுக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒருநாள் தொகுஜியின் பட்டறைக்குப் போனார். தொகுஜி எஃகைத் தகடாகத் தட்டி, தண்ணீரில் முக்கி, தரம் பார்க்க உடைத்துக்கொண்டிருந்தார். உடைந்த முகம் ஒவ்வொன்றும் மணி மணியாக வெள்ளை வெளேரென்று மின்னியது. மோரியோ ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல எஃகுப் பெட்டியாப் பார்த்து வாங்கிட்டே போல."

"வேணும்னா எடுத்துக்கோங்கண்ணே. உங்க பெட்டிய எனக்குக் குடுங்க."

"நெசமாத்தான் சொல்றியா?"

"எஃகுதானே, அண்ணே. பொண்டாட்டியவா கேக்குறீங்க?"

மோரியோ சிரிக்கவில்லை. மறுநாளே பெட்டிகள் மாறின.

வாளில் களிமண் பூசி, சூடாக்கி, தண்ணீரில் இறக்கும் நாள் வந்தது. சூட்டின் நிறம் தெரிய வேண்டும் என்று பகலிலேயே ஜன்னல்களை மூடினார்கள்.

"இது நம்ம எஃகு இல்ல. எந்த நிறத்துல எறக்குவான்னு தொகுஜிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் ஃபுசாயே.

"தம்பிகிட்டப் போய் நானா?"

மோரியோ தன் எஃகுக்கு வைக்கும் சூட்டையே வைத்து இறக்கினார். தண்ணீருக்குள்ளிருந்து 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம். வெளியே எடுத்தபோது கூர்ப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அப்படி விரிசல் விட்ட வாளைக் கோயிலுக்குக் கொடுக்க முடியாது. இன்னொன்று அடிக்க நாளும் இல்லை.

தொகுஜியின் வாள் சந்நிதிக்குப் போயிற்று. காணிக்கை நாளன்று மோரியோ அதை அருகில் நின்று பார்த்தார். கூர் ஓரமாக வயல்மேல் படுத்த பனி போல வெள்ளை ஓடியது. தன் பெட்டியில் இத்தனை நாளாக இது கிடந்ததா என்று இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார். எஃகுதான் காரணம் என்று இனிச் சொல்ல வழியில்லை.

தொகுஜி சாக்கே மதுக் கிண்ணத்தோடு வந்தார். "உங்க சூடுதான் அண்ணே இது. பிப்ரவரி நெலா மலைமேல மஞ்சளா வர்ற நெறத்துல எறக்கணும்னு அண்ணிதான் சொன்னாங்க."

மோரியோ கிண்ணத்தை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தினார். "நீ எதுக்குடி சொன்னே?"

"கேட்டான், சொன்னேன். நீங்க கேட்டிருந்தா அவன் சொல்லியிருக்க மாட்டானா?"

அன்று மாலை மோரியோ செருப்பை மாட்டிக்கொண்டு போய் தொகுஜியின் பட்டறை வாசலில் நின்றார். உள்ளே நுழையவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

"நீ குடுத்த பெட்டியில பாதி எஃகு மிச்சம் இருக்கு. அதை எந்த நெறத்துல எறக்கணும்?"

"சூட்டைக் கொறைக்கணும் அண்ணே. நல்லாக் கனிஞ்ச பெர்சிமன் பழச் செவப்பு நெறம். உள்ள வாங்க, காட்டுறேன்."

"காட்ட வேண்டாம். சொன்னது போதும்," என்று திரும்பி நடந்தார். பொறாமை போய்விட்டதாக நான் சொல்லமாட்டேன். அன்றைக்கும் முள்ளங்கி கடக்கடக்கென்றுதான் ஒலித்தது என்றாள் ஃபுசாயே. ஆனால் மறுநாள் காலையில் உலை எரிந்தது.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். தொகுஜி ஜெயித்ததோடு நிறுத்திவிடாமல், மோரியோ வாசலில் நின்று கேட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள்.