காஸ்துலோவை யாருக்கும் தெரியாது

நெப்ராஸ்காவின் மாட்டிறைச்சி ஆலைகளில் ஒருவன் இரண்டு பெயர் வைத்திருந்தால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. வீட்டுக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று. காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவன் வேறு எவனோ ஒருவனின் பெயரையும் எண்ணையும் விலைக்கு வாங்கித்தான் வேலைக்குச் சேரவேண்டும். ஒத்திலியாவின் அப்பா காஸ்துலோ அப்படித்தான் ரமீரோ ஆனார். எலும்பிலிருந்து கறியை அறுத்தெடுக்கும் வரிசையில் இருபது வருஷத்துக்கு மேல் கத்தியும் கையுமாக நின்றார். வாராவாரம் சம்பளத்தில் பென்ஷனுக்கென்று பிடித்தார்கள். பிடித்ததெல்லாம் டெக்சஸில் எங்கோ இருக்கிற நிஜ ரமீரோவின் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மகராசன் இப்போது காலை நீட்டிக்கொண்டு சாப்பிடுவான். காஸ்துலோவுக்குப் பக்கவாதம் வந்து, பின்னாலேயே மறதியும் வந்தபோது, அவர் பெயரில் ஒரு செல்லாக்காசு கிடையாது.

காகிதம் இல்லாத கிழவருக்கு அரசாங்கமும் கை கொடுக்காது. ஒத்திலியா நெடுஞ்சாலை விடுதி ஒன்றில் அறைகள் துடைக்கிறவள். பகல் முழுக்க அப்பாவைத் தனியே விடமுடியாமல், ஊரில் ஒரு விதவை நடத்தும் முதியோர் வீட்டில் சேர்த்திருந்தாள். அந்த அம்மாளும் எத்தனை மாதம்தான் பாக்கியைப் பொறுப்பாள்? இதற்கிடையில் மெக்சிகோவில் சொந்த ஊரான ஹலிஸ்கோவிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "இங்க அனுப்பிடும்மா. நாங்க கஞ்சி ஊத்திப் பாத்துக்கறோம்."

நல்ல மனுஷர், நல்லதுதான் சொன்னார். ஆனால் அப்பா போனால் திரும்பி வரமுடியாது. அவளுக்கும் காகிதம் இல்லை, போய்ப் பார்க்கமுடியாது. போனால் இங்கே பிறந்த பிள்ளைகளிடம் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும். நாலு வயதில் விட்டுப் போன அப்பாவை முழுப் பெண்ணான பிறகு வந்து பிடித்தவள் அவள். இன்னொரு முறை விடுவதற்கு அவளிடம் மனசு இல்லை.

ஆகவே கெர்மெஸ் வைப்பது என்று முடிவானது. இந்த ஊர் மெக்சிகோக்காரர்களுக்கு யாராவது நோயில் விழுந்தால் அதுதான் வழி. மாதாகோயிலுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை சமைத்து விற்று, வந்ததை நோயாளி வீட்டில் கொடுத்துவிடுவார்கள். அண்டாக்களை சாயோ ஏற்றுக்கொண்டாள். வாய் நீளம், கைப்பக்குவம் அதைவிடப் பெரிசு அவளுக்கு. சோளமும் பன்றிக்கறியும் கொதிக்கும் பொசோலேயை அவளைப்போல் வைக்க ஊரில் ஆள் இல்லை.

சுவரொட்டி மட்டும் ஒத்திலியாவின் பொறுப்பு. அவள் அதில் 'காஸ்துலோ லாரியோஸுக்காக' என்று பெரிய எழுத்தில் போட்டாள். இந்த ஊரில் ஒருதடவையாவது அப்பா தன் பெயரோடு சுவரில் இருக்கட்டும் என்று ஆசை. ரமீரோ என்று தெருவில் யாராவது கூப்பிடும்போதெல்லாம் தன் அப்பாவை வேறு யாரோ வீட்டுக்கு அழைத்துப் போவது மாதிரி அவளுக்கு வலிக்கும். படமும் போட்டாள், கல்யாணத்தன்று எடுத்தது. கறுத்த மீசை, அடர்ந்த முடி. சின்ன வயதில் அவளுக்கு அப்பா என்றால் போனில் ஒரு குரலும் சுவரில் அந்தப் படமும்தான்.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்தது. அண்டாக்கள் வாய்வரை நிரம்பி ஆவி விட்டன. வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்பாவைச் சக்கர நாற்காலியில் போர்வை சுற்றி நிழலில் வைத்திருந்தாள். அக்டோபர் காற்றில் காகிதத் தட்டுகள் பறந்தன.

ஃபிதென்சியோ என்கிற பழைய ஆலைக்காரர் போகிறபோக்கில் நின்றார்.

"அடேய் ரமீரோ! இங்க என்னடா பண்றே?"

கிழவர் முகம் மலர்ந்தது. "வாடா சோம்பேறி. கத்திய தீட்டினியா?"

ஃபிதென்சியோ ஒத்திலியாவிடம் திரும்பினார். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?"

"அவருக்காகத்தாண்ணே இந்த கெர்மெஸ்."

"அவனுக்கா? யாரோ காஸ்துலோன்னுல்ல போட்டிருக்கு. யாரோ வெளியூர்ப் பையன் போலன்னு நாங்க விட்டுட்டோம்."

சாயோ கரண்டியை அண்டாவில் போட்டாள். "எனக்குத் தெரியும் பேரு, ஊருக்குத் தெரியுமாடி? பாவமன்னிப்புக்கே ரமீரோவா போன மனுஷன். போன எடு. எல்லாருக்கும் ரமீரோன்னு அனுப்பு."

"அது அவர் பேரே இல்லக்கா."

"பேர வெச்சு நாக்கு வழிக்கவா? உனக்குப் பேரு வேணுமா, அப்பன் வேணுமா?"

ஒத்திலியா போனை எடுத்தாள். பிறகு நாற்காலியில் இருக்கிறபடியே அப்பாவைப் படம் எடுத்து, 'ரமீரோவுக்காக' என்று எழுதி அனுப்பினாள். எழுதும்போது கண்ணில் நீர் கட்டியது. துடைத்துக்கொண்டாள்.

அரைமணிக்குள் வண்டிகள் வர ஆரம்பித்தன. கறி அறுக்கும் வரிசை முழுக்க வந்துவிட்டது, பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஆலையில் கறியைத் தொங்கவிடும் குளிர் அறைக்காரர்கள் வந்தார்கள். சோமாலியாக்காரர் இருவர் பன்றிக்கறி தொடாமல் பாயசத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறை வேண்டாம் என்றார்கள். ஒவ்வொருவரும் கிழவரின் கையைப் பிடித்து ரமீரோ ரமீரோ என்றார்கள். அண்டாக்கள் காலியானபோது சாயோ பணப்பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "பாக்கி போக, குளிர்காலம் முடியிறவரைக்கும் அந்தம்மா வீட்டுக் கட்டில் அவருக்குத்தான்" என்றாள்.

ஒத்திலியா கடைசிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய் ஊட்டினாள். அவர் கூட்டத்தைப் பார்த்தபடியே மென்றார்.

"எல்லாரும் வந்திருக்காங்களே. யாருக்கு உடம்பு சரியில்ல?"

உங்களுக்குத்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "காஸ்துலோவுக்கு" என்றாள்.

"ஓ, அவனா? பாவம். ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு அவனுக்கு. போன்ல எப்ப வருவேன்னு கேக்கும். இந்தக் கிறிஸ்துமஸுக்குன்னு சொல்லுவான். வெச்சிட்டு, குளிர் அறைக்குள்ள போய் மாட்டுத் தொடைகளுக்கு நடுவுல நின்னு அழுவான். நான்தான் போய் இழுத்துட்டு வருவேன்." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதம்மா. தாங்காது."

ஒத்திலியா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"சொல்லமாட்டேன், ரமீரோ ஐயா."