முதல் மணியைத் தின்ற கார்ட்

பர்ஸான் வீட்டில் முதன்முதலில் பட்டம் பெற்றவன் அவன்தான். வேலைதான் இன்னும் வரவில்லை. "கம்பியூட்டர் படிச்சவர் கம்பியூட்டரையே பாத்துக்கிட்டு இரிக்கார்" என்பாள் தங்கை றஸ்னா.

கல்முனையில் சாரன் எனும் கைலிகளுக்கு மொத்தக் கடை வைத்திருக்கும் முஹ்ஸின் ஹாஜியார் ஒருநாள் அவனைக் கூப்பிட்டார். "கடை ஃபோனையெல்லாம் ஒழுங்காக்கித் தாங்க மகன். சரிவந்தா இஞ்சயே வேலைக்கு நில்லுங்க."

கடை ஃபோன்களையெல்லாம் ஒரு கணினி வழியாக இணைக்கத் திட்டமிட்டான் பர்ஸான். மென்பொருள் இலவசம், பழைய கணினியொன்று கடையில் கிடந்தது. வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியைக் கணினியோடு சேர்க்கும் கார்டைத்தான் தெரிவு செய்யவேண்டும். மலிவான கார்ட் மணியை மட்டும் கடத்தும். விலை கூடியது, அழைப்பவரின் நம்பரையும் வாசிக்கும். படித்தவன் எதை எடுப்பான்? கூடியதையே எடுத்துக் கணினியில் பூட்டினான்.

மருதமுனை நெசவுகாரர்கள் ஹாஜியாரோடு ஃபோனில் கதைப்பதில்லை. மணியடித்துத் துண்டிப்பார்கள். ஒரு மணி என்றால் சாரன் தயார், வேனை அனுப்பு. இரண்டு என்றால் நூல் முடிந்தது. பேசுவது மலிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கார்டைப் பூட்டிய மறுநாள் காலை ஹாஜியாரின் மேசை ஃபோன் ஒருமுறை அடித்தது. ஹாஜியார் வேனை அனுப்பினார். வேன் வெறுமையாகத் திரும்பியது. முன் ஆசனத்தில் நெசவுகாரி ஸம்ஸியா.

"நூல் கேட்டா வேன் வருது ஹாஜியார். வேனைப் பிரிச்சா நெய்யிற?"

"நீ ஒருக்காத்தானே அடிச்ச?"

"ரெண்டு. நான் பள்ளிக்கூடம் போகல்லதான். ஆனா ரெண்டு மட்டும் எண்ணத் தெரியும்."

ஹாஜியார் பர்ஸானைப் பார்த்தார். "மகன், உங்கட மெசின் மணி திங்குதா?"

தின்றிருந்தது. நம்பர், முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் வரும். அதை வாசிக்கும்வரை கார்ட் முதல் மணியை மேசைக்கு விடாது.

"அப்ப ஒரு மணி அடிச்சவங்க?"

"அவங்கட சாரன் அங்கேயே கிடக்கும் ஹாஜியார்."

இத்தனை வருடம் படித்தும், இந்த ஊர் ஃபோனை எதற்கு வைத்திருக்கிறது என்று தான் ஒருதடவையும் கேட்கவில்லையே என்று பர்ஸானுக்கு உறைத்தது. நம்பர் வாசிப்பதை நிறுத்தினான். ஸம்ஸியா கடையில் நின்றபடியே தன் கைஃபோனிலிருந்து இரண்டு மணி அடித்துப் பார்த்தாள். இரண்டும் இரண்டாகவே வந்தன.

"இனி ஆர் அடிக்காங்க எண்டு தெரியாது ஹாஜியார்."

"பகல் லுஹர் தொழுகைக்கு முன்னுக்கு அடிச்சா ஸம்ஸியா, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின்னுக்கு எண்டா முபீன். எனக்கு நம்பர் என்னத்துக்கு?"

"வேலை?"

"யோசிச்சிட்டு நாளைக்குக் காலையில அடிக்கன். ஒரு மணி எண்டா வாங்க. ரெண்டு எண்டா வராதீங்க."

மறுநாள் பர்ஸான் குளித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் அவன் ஃபோன் அடித்தது. ஒன்று. அவன் மூச்சைப் பிடித்தான். றஸ்னா பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ, ஆரு?"

"மகள், உங்கட ஊட்டிலயும் அந்தக் கார்டா பூட்டியிரிக்கி?" என்ற ஹாஜியார் வைத்துவிட்டார்.

பர்ஸான் ஈரத்தலையோடு ஓடிவந்தான். "எத்தின அடிச்சது?"

"ஒண்டு."

"இன்னும் அடிக்க இருந்தாரா?"

"எனக்கெப்படித் தெரியும், நானா?" என்று அண்ணனிடமே திருப்பிக் கேட்டாள்.

அடித்தது ஒன்று. பர்ஸான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கல்முனைக்கு சைக்கிளை மிதித்தான். புறப்படுமுன் ஃபோனை அணைத்துவிட்டான்.